எங்கள் நகரக் காவல்துறையின் சேவையும் புதிய துணைத் தலைவர் பதவியும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிறிய நகரம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவன் என்ற முறையில் எங்கள் நகரக் காவல்துறையின் சேவையை மதிப்பிடுகிறேன். அவசர அழைப்புக்கு வண்டி வந்து நிற்கும் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, குறையெல்லாம் நிர்வாகத்தில்தான். பள்ளித் தெருவில் கார்கள் பறப்பது குறித்து நான் கொடுத்த மனு இரண்டு லெப்டினன்ட்களின் மேசைகளுக்கிடையே அலைந்து, "தலைவரைத்தான் கேட்க வேண்டும்" என்ற பதிலோடு நின்றுபோனது. காவல்துறைத் தலைவருக்கு அடுத்தபடியாக முடிவெடுக்கும் அதிகாரம் அங்கே எவருக்கும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் குடிமைப்பணி விதிகளுக்கு, அதாவது அரசுப் பணியில் நியமனம், பதவி உயர்வு, நீக்கம் ஆகியவற்றுக்கான மாநில விதிகளுக்கு, உட்படாத துணைத் தலைவர் பதவியை உருவாக்கும் தீர்மானம், வாக்காளர்கள் கூடி முடிவெடுக்கும் நகரக் கூட்டத்துக்கு வந்தது. இத்தகைய விலக்குக்கு வழக்கமான வழி, நகரக் கூட்டத்தின் ஒப்புதலோடு ஹோம் ரூல் மனுவை (தன் ஊருக்கு மட்டும் தனிச் சட்டம் கேட்கும் மனு) அனுப்பி, மாநிலச் சட்டமன்றத்தில் தனிச் சட்டமாக நிறைவேற்றி, ஆளுநரின் கையெழுத்தைப் பெறுவதாகும். எங்களுக்குத் தரப்பட்ட வரைவு அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை: பதவிக்குப் குடிமைப்பணி விதிகள் அடங்கிய, மாநிலப் பொதுச் சட்டங்களின் 31ஆம் அத்தியாயம் பொருந்தாது, இப்போது பணியில் இருப்பவர்களின் உரிமை பாதிக்கப்படாது, நிறைவேறியதும் அமலுக்கு வரும், அவ்வளவுதான்.

விலக்கின் நோக்கம் எனக்குச் சரியாகவே படுகிறது. தேர்வு மதிப்பெண்படி பட்டியலிட்டு, ஒரு காலியிடத்துக்கு முதல் மூன்று பேருக்குள் தேர்ந்தெடுப்பதும், மேலே இருப்பவரைத் தாண்டிக் கீழே இருப்பவரை நியமித்தால் எழுத்தில் காரணம் சொல்வதும் சார்ஜென்ட் பதவிக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் வரவு செலவைக் கையாளவும் சக அதிகாரிகள் மீதான புகார்களை விசாரிக்கவும் தெரிந்தவரை எழுத்துத் தேர்வு அடையாளம் காட்டிவிடாது. துறைக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவரவும் பதவி உயர்வுப் பட்டியலில் எளிதில் வழி கிடையாது.

மாநிலம் 1884இல் இந்த விதிகளைக் கொண்டுவந்ததே, வேண்டியவர்களுக்குப் பதவி கொடுக்கும் வழக்கத்துக்கு அணை போடத்தான் என்பதையும் மறப்பதற்கில்லை. (கூட்டத்தில் இதை நினைவூட்டிய முதியவருக்குக் கைதட்டல் விழுந்தது, வாக்கு விழவில்லை.) விதிகளுக்கு உட்பட்ட நிரந்தர அதிகாரியை நீக்க நியாயமான காரணம் வேண்டும், அவர் ஐந்து உறுப்பினர் கொண்ட குடிமைப்பணி ஆணையத்தில் முறையிடலாம். புதிய துணைத் தலைவருக்கோ ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே பாதுகாப்பு. தலைவரின் முகம் கோணாமல் நடக்க வேண்டிய நிலையில் இருப்பவர், தலைவரைப் பற்றியே புகார் வந்தால் என்ன செய்வார்?

தகுதி, தேர்வுக் குழு, நீக்கும் முறை ஆகியவை வரைவில் ஏன் இல்லை என்று கேட்டேன். "ஒப்பந்தத்தில் வரும்" என்றார்கள். நான் ஆதரித்துத்தான் வாக்களித்தேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தைக் கையெழுத்தாகும் முன்பே நகர மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று நகர நிர்வாகத்தை நடத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவான செலக்ட் போர்டுக்கு எழுதியிருக்கிறேன். பள்ளித் தெரு மனுவின் நகலையும் அதனுடன் இணைத்திருக்கிறேன்.