கப்பல் முதலாளியா, மேலாண்மைக் கம்பனியா?

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்கா வரை போனது. அந்தக் காலத்தில் ஊரில் கப்பல் முதலாளி என்றால் பக்கத்து வளவுக்காரர். இப்போது கப்பலுக்குப் போகும் தம்பிமாருக்கு இரண்டு வழி.

மேர்ஸ்க் போலச் சொந்தக் கப்பல் ஓட்டும் கம்பனி என்றால் ஒரே வீடு மாதிரி. ஆனால் உள்ளே நுழைவது கஷ்டம். வி.ஷிப்ஸ் போன்ற மேலாண்மைக் கம்பனிக்குக் கப்பல் இன்னொருவருடையது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆள் சேர்ப்பு, திருத்த வேலை, உதிரிப்பாகம் எல்லாம் பார்ப்பார்கள். ஒருமுறை எண்ணெய்க் கப்பல், அடுத்தமுறை கொள்கலன் என்று அனுபவம் சேரும். கப்பல் முதலாளி மேலாண்மைக் கம்பனியை மாற்றினால், பழகிய கப்பல் கைவிட்டுப் போகும், அதுதான் தலையிடி.

புதிதாகப் போகிறவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். சரி, எதுவானாலும் வேலைக்கென்று காசு கேட்டால் எழும்பி வாருங்கள். 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தடை செய்கிறது. அப்புறம், ஒப்பந்தத்தில் சம்பளத் தொகைக்கு முன் பார்க்க வேண்டியது, கப்பல் உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான்.