கோத்தகிரிக் கொட்டகையில் விமானம்: தகரமா, துணியா?

கோத்தகிரியில் எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. முன்பு பச்சைத் தேயிலையை எடைபோட்டு லாரியில் ஏற்றிய இடம். இப்போது உருளைக்கிழங்கு மூட்டைகளும் ஓடாத ஒரு லாம்ப்ரெட்டாவும்தான் கிடக்கின்றன. 30 அடி நீளம், 16 அடி அகலம், இரட்டைக் கதவு. இதற்குள் இரண்டு சீட் விமானம் ஒன்றைக் கிட்டாக, அதாவது பாகம் பாகமாக வாங்கி நானே கட்ட முடியுமா என்று இரண்டு வருஷமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது ஜென் ஏர் மைக்ரோலைட் என்கிற குட்டி விமானத்தில் ஒருமுறை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனதுதான் இதற்கெல்லாம் மூலம். பட்டறை அனுபவம் என்றால் பைக் என்ஜின் பிரித்துச் சேர்த்தது மட்டும்.

எனக்குப் பிடித்தது புஷ் பிளேன் என்கிற ரகம். அலாஸ்கா மாதிரி இடங்களில் ஆற்று மணலிலும் கூழாங்கல்லிலும் இறங்கும் சின்ன விமானம், மேலே தூக்கிய இறக்கை, குண்டு டயர். கிட்டாக வருவதில் பெயர்கள் நிறைய, ஆனால் பாதியைச் சீக்கிரமே அடித்துவிடலாம். கப்கிராஃப்டர்ஸின் கார்பன் கப் அழகோ அழகு, விலையைப் பார்த்தால் பேச்சு வராது. பேர்ஹாக் நல்ல டிசைன், ஆனால் முதல்முறை கட்டுகிறவனுக்கு அதன் நாலு சீட் மாடல் பெரிய வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுகிற கதை. வரைபடம் மட்டும் வாங்கி ஷீட்டை நாமே வெட்டி மடக்கிக் கட்டுகிற வழியும் உண்டு. பணம் மிச்சம், வயசு செலவு. கடைசியில் என் மேஜையில் நின்றது இரண்டு: அமெரிக்காவின் மிசௌரியிலிருந்து வரும் ஸெனித்தின் சி.எச். 701, 750 குடும்பம், ஐடஹோவிலிருந்து வரும் கிட்ஃபாக்ஸ். நடுவில் ரான்ஸ் எஸ்-21 என்று ஒன்று, இறக்கை அலுமினியம், உடல் கூடு எஃகுக் குழாய். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்த மொத்த எடை 800 கிலோவைத் தாண்டும் என்பதால் அதை ஒதுக்கினேன். எடை ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டுமே 1980களில் பிறந்தவை. டான் டென்னி வடிவமைத்த கிட்ஃபாக்ஸ் 1984-இல் பறந்தது, கிரிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த 701 இரண்டு வருஷம் கழித்து. கிட்ஃபாக்ஸ் என்பது குரோமோலி எஃகுக் குழாயில் வெல்டிங் செய்த கூடு, அதன்மேல் பாலியெஸ்டர் துணி. வெல்டிங்கைக் கம்பெனியே முடித்து அனுப்புகிறது, நமக்கு வேண்டியது துணி போர்த்தும் பொறுமை. ஸெனித் முழுக்க அலுமினிய ஷீட், எல்லாம் பாப் ரிவெட். இறக்கைக்கு முன்னால் ஸ்லாட் என்று ஒரு நிரந்தரப் பட்டை நிற்கும், அதனால்தான் 701 மணிக்கு 50 கிலோமீட்டருக்குப் பக்கத்திலும் காற்றில் தாங்கும். அதே பட்டைதான் வேகத்தையும் தின்கிறது. 750 மணிக்கு 150, 160 கிலோமீட்டரில் முனகும்போது, அதே 100 குதிரைசக்தி ரோடாக்ஸ் என்ஜினோடு கிட்ஃபாக்ஸ் 190 வாக்கில் போய்விடும். ஓட்டும் சுகத்திலும் கிட்ஃபாக்ஸ்தான் ஒரு படி மேல் என்று இரண்டையும் ஓட்டியவர்கள் எழுதுகிறார்கள். பார்க்கவும் அதுதான் விமானம் மாதிரி இருக்கிறது. ஸெனித்தைப் பார்த்தால் யாரோ தண்ணீர் டேங்கிற்கு இறக்கை வைத்தது போல.

'100 அடியில் கிளம்பும்' என்று ஸெனித் விளம்பரம் சொல்வதைப் படித்ததும் எல்லோரும் மயங்குகிறோம். அது கடல்மட்டக் கணக்கு. என்ஜின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கோத்தகிரி 1,800 மீட்டர், அதாவது ஏறத்தாழ 5,900 அடி. 100 குதிரை இங்கே 82 ஆகிவிடும், மெல்லிய காற்றில் இறக்கையும் கூடுதல் வேகம் கேட்கும். சரி, அது போகட்டும், இங்கே எங்கே இறக்கப் போகிறோம்? நீலகிரியில் ஓடுபாதையே கிடையாது, ஊட்டி தீட்டுக்கல்லில் இருப்பது ஹெலிபேட். மற்றதெல்லாம் தேயிலைச் சரிவு, சோலைக்காடு, முதுமலை, வெலிங்டன் ராணுவப் பகுதி. மூடுபனி வேறு. 2021 டிசம்பரில் குன்னூர் அருகே ஜெனரல் பிபின் ராவத் போன ஹெலிகாப்டர் விழுந்ததற்குக் காரணம், பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் போனதுதான் என்று விசாரணை சொன்னது. ராணுவ விமானிக்கே அப்படி. ஆகவே கட்டுவது மலையில், பறப்பது கீழே. கோவை விமான நிலைய ஓடுபாதை கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். ஓசூர் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுபாதை இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் 100 அடிக்கும் 300 அடிக்கும் என்ன வித்தியாசம்? அலாஸ்கா ஆட்களின் ஒப்பீட்டு அட்டவணையில் முதல் வரியாக நிற்கும் விஷயம், எனக்குக் கடைசி வரி.

மூடுபனியும் ஈரமும் பறப்பதைவிடக் கட்டுவதைத்தான் அதிகம் தொட்டன. போன ஐப்பசியில் ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். நீலகிரியின் கிழக்குப் பக்கமான எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை, அந்த நாட்களில் கொட்டகைத் தகரத்தின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கும். பழைய கட்டில் சட்டம் ஒன்றில் பாலியெஸ்டர் துணியை ஒட்டி, அயர்ன் பாக்ஸால் சுருங்க வைத்தேன். விமானத் துணியை முதலில் 121 டிகிரி, பிறகு 177 டிகிரி செல்சியஸில் தேய்த்து முரசு மாதிரி இறுக்க வேண்டும், அதைத் தாண்டினால் துணி கெட்டுவிடும். நம் வீட்டு அயர்ன் பாக்ஸில் டிகிரியா போட்டிருக்கிறது, காட்டன், சில்க் என்றுதானே இருக்கிறது? தெர்மாமீட்டர் வைத்து டயலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். துணி நன்றாகவே இறுகியது, தட்டினால் டப் டப் என்று சத்தம். விமானத் துணிக்கென்றே வரும் டோப் என்கிற பூச்சு கையில் இல்லாததால் கார் பெயின்ட் கடையில் கிடைத்த என்.சி. லாக்கரை அடித்தேன். அரைமணியில் முழுக்க வெள்ளை பூத்துவிட்டது, இட்லித் தட்டுத் துணி மாதிரி. பெயின்டர்களுக்கு இது புதிசில்லை: கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் சேர்த்தால் குறையும், ஹீட்டர் போட்டால் குறையும், தண்ணீரில் கரையும் பூச்சுகளும் பெயின்ட்டே வேண்டாத ஓராடெக்ஸ் துணியும் இருக்கின்றன. ஆனால் பூச்சு எதுவானாலும் வேலை வரிசை மாறாது: ஒட்டு, சுருக்கு, தையல், அதன்மேல் துணிப் பட்டை, பூச்சு, நடுவே ஒன்று கெட்டால் அந்தத் துண்டையே கிழித்து மறுபடி. மலையில் வெயிலின் புற ஊதா வேறு கடுமை, அதைத் தடுக்கும் வெள்ளி நிறப் பூச்சைச் சரியாக அடிக்காவிட்டால் துணி சில வருஷத்தில் நைந்துவிடும். எலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரடி வந்தால் தகரம், துணி இரண்டுக்கும் ஒரே கதிதான், கோத்தகிரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதே வாரம் அலுமினிய ஷீட்டும் பாப் ரிவெட்டும் வாங்கி டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி செய்தேன். துளை போடு, பிசிறு எடு, கிளீகோ என்கிற ஸ்பிரிங் பின்னால் தற்காலிகமாகப் பிடி, ரிவெட்டைச் செருகி இழு, டக் என்று தண்டு அறுந்து கையில் வரும். 40 ரிவெட்டில் 6 கோணல். அந்த ஆறையும் தலையில் துளைபோட்டு எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன், இரண்டில் துளை பெரிசாகிவிட்டதால் அடுத்த சைஸ் ரிவெட். பனி பெய்துகொண்டேதான் இருந்தது, பெட்டிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஸெனித்தின் இப்போதைய கிட்டுகளில் துளைகளும் கம்பெனியிலேயே போட்டு, ஒன்றோடொன்று பொருந்துமாறு வருகின்றன. ராத்திரி எட்டு மணிக்குக் கொட்டகைக்குப் போய் இருபது ரிவெட் அடித்துவிட்டு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வரலாம். துணி வேலை அப்படியில்லை, கோந்து காயத் தொடங்கினால் நம் நேரத்துக்கு நிற்காது.

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் மேஸ்திரியாக இருக்கும் தூரத்து உறவு அண்ணன் ஒருவரிடம் பெட்டியைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "ரிவெட் வரிசை பரவால்ல தம்பி, ஓரத்துல இருந்து இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி அடிக்கணும், இல்லேன்னா ஆட்டத்துல ஷீட்டு கிழியும்" என்றார். ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது உள்ளே என்பது விமான வேலையிலும் விதி. "துணி போட்ட பிளேன்னா என்கிட்ட வராதே" என்றும் சேர்த்துக்கொண்டார். பார்க்கப் போனால் இதுவே பெரிய வித்தியாசம்: தமிழ்நாட்டில் ஷீட்டும் ரிவெட்டும் தெரிந்த கை ஊருக்கு நாலு உண்டு, விமானத் துணி தைக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் போக வேண்டும்.

கிட்ஃபாக்ஸ் பக்கம் என்னை ரொம்ப நாள் இழுத்தது மடங்கும் இறக்கை. பின்னால் மடக்கி டிரெய்லரில் ஏற்றிவிடலாம். கட்டிய பிறகு மலையிறக்க வேண்டுமே, அதற்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். யோசித்தால் இறக்குவது ஒரே ஒருமுறை. ஞாயிறுதோறும் மடக்கி இழுத்துப்போகிற வாழ்க்கை அமெரிக்காவில், இங்கே ஓடுபாதை ஓரம் ஹேங்கரில் வாடகைக்கு நிறுத்துவதுதான் நடக்கும். ஸெனித்தின் இறக்கைகளைக் கழற்றித் தனியாக ஒரு பிக்கப்பில், உடலை இன்னொரு ஐஷரில் என்றால் முடிந்தது. கல்ஹட்டி வழி வேண்டாம், 36 கொண்டை ஊசி வளைவு, மேட்டுப்பாளையம் ரோடே போதும்.

இனி எடை. இந்தியாவில் மைக்ரோலைட் என்றால் 450 கிலோ வரை, அதற்கு அடுத்த ரகமான லைட் ஸ்போர்ட் என்றால் 600 வரை. 701-இன் மொத்த எடை 500 கிலோ, 750 அதன் முழு எடையில் 650, கிட்ஃபாக்ஸ் சீரிஸ் 7 அதன் முழு எடையில் 700. காகித வேலை எப்படியும் பெரிய மலை. மும்பையில் மொட்டைமாடியில் ஆறு சீட் விமானம் கட்டிய அமோல் யாதவ் அதை 2016-இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் நிறுத்திய பிறகும், பதிவெண் கிடைத்தது 2017 நவம்பரில். ஆலப்புழைக்காரர் அசோக் தாமரக்ஷன் இங்கிலாந்தில் ஸ்லிங் கிட்டை வாங்கிக் கட்டிக் குடும்பத்தோடு பறந்தார், அங்கே அதற்கென்று பழகிய வழி இருக்கிறது. அமெரிக்காவிலும் பெரும்பகுதியை நீயே கட்டு என்கிற 51 சதவீத விதியின் கீழ் இது சாதாரணம். இங்கே வழி குறுகல் என்பதால் எடை குறைந்த வண்டி எனக்கு நிம்மதி. அதனால் 750-ஐ விட்டு 701-க்கு இறங்கியிருக்கிறேன், அது கொஞ்சம் நெருக்கடியான கேபின் என்று தெரிந்தேதான்.

எந்தப் பக்கம் போனாலும் என்ஜின் செலவு கிட் விலைக்குக் கிட்டே வந்து நிற்கும். ரோடாக்ஸ் 912-க்கு எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி, நம் பங்க்கில் வருவதோ 20 சதவீதம் கலந்த இ20. விமானப் பெட்ரோலான அவ்கேஸை இந்தியன் ஆயில் 2022-இலிருந்து இங்கேயே தயாரிக்கிறது, ஆனால் அதிலிருக்கும் ஈயத்தால் ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். இதற்கு இரண்டு கிட்டிலும் விடை இல்லை.

கொட்டகை காய்ந்து கிடக்கிறவர்கள், தையல் மிஷினில் பழகியவர்கள், வேகம் வேண்டுகிறவர்கள் கிட்ஃபாக்ஸையே எடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். எனக்கு 701. முழு கிட்டும் இல்லை, ஸெனித் தனியாக விற்கும் வால் சுக்கான் கிட் மட்டும் முதலில். அதற்குக் கொட்டகைகூட வேண்டாம், சாப்பாட்டு மேஜை போதும். சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்போ உருளைக்கிழங்கை இப்போதைக்கு நகர்த்த வேண்டாம்ல?" என்று மட்டும் கேட்டார்.