இசட்ஸ்டாண்டர்ட்: எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த 31-ஐத் தவிர

கோப்புகளைச் சுருக்கும் பழைய கருவியான ஜிஜிப்பை (gzip) விட்டு, புதிய கருவியான இசட்ஸ்டாண்டர்டுக்கு (zstd) மாறலாமா என்று ஒரு நண்பர் போன வாரம் கேட்டார். சர்வரில் தினசரி பேக்கப் வைக்க அவருக்கு இடம் போதவில்லை. சில வருடங்களாக நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன் என்பது அவருக்குத் தெரியும். ‘தாராளமாக மாறுங்கள்’ என்று உடனே எழுதியிருக்க வேண்டியவன்தான். ஆனால் இந்தக் கருவிமேல் எனக்கு இருக்கும் ஒரு கோபம் இன்னும் ஆறவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லாமல் பதில் எழுத மனம் வரவில்லை.

யான் கோலே எழுதியது, 2016-ல் ஃபேஸ்புக்கிலிருந்து 1.0 பதிப்பு வந்தது, சுருக்கும் அளவு வழக்கமாக 1 முதல் 19 வரை (எண் கூடக் கூட அதிகம் சுருங்கும்), எதுவும் சொல்லாவிட்டால் 3 என்பதெல்லாம் தெரிந்த விஷயம். நேராக அனுபவத்துக்கு வருகிறேன்.

நான் வைத்திருப்பது மெய்ப்பு பார்த்து முடித்த தமிழ் நூல்களின் கோப்புகளும், அவற்றுக்கான ஒரு தரவுத்தளமும். தினம் இரவு தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பாக, அதாவது ஒரு டம்பாக, வெளியே வரும். அதைச் சுருக்க முதலில் ஜிஜிப், அப்புறம் கொஞ்ச காலம் எக்ஸ்இசட் என்ற இன்னொரு கருவி. எக்ஸ்இசட் நன்றாகவே சுருக்கும், ஆனால் சுருக்கியதைத் திரும்பப் பிரிக்க உட்கார்ந்தால் பொறுமை போய்விடும். இசட்ஸ்டாண்டர்டில் என்னை முதலில் கவர்ந்தது அதுதான். 3-ல் சுருக்கினாலும் 19-ல் சுருக்கினாலும் பிரிக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சுருக்குவது ராத்திரியில் நடக்கிறது, எவ்வளவு நேரம் ஆனால் என்ன? பிரிப்பது ஏதோ ஒன்று கெட்டுப்போன காலையில். அந்தக் காலையில் இது கைவிட்டதில்லை. ஜிஜிப் மாதிரி வேலை முடிந்ததும் மூலக் கோப்பை அழித்துவிடாது, அதுவும் ஒரு நிம்மதி.

அடுத்தது நான் எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘கொ’ என்று எழுதினால் ‘க’வுக்கு 3, ஒகரக் குறிக்கு 3, ஆக 6 பைட். இதில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றேதான். இரண்டாவதற்கு இரண்டே மதிப்புகள். மூன்றாவதுதான் எந்த எழுத்து என்பதைச் சொல்கிறது. அதனால் தமிழ்க் கோப்பை எந்தக் கருவியில் போட்டாலும் நன்றாகவே சுருங்கும். ஆனால் ஜிஜிப்புக்கு ஒரு எல்லை இருக்கிறது. திரும்ப வரும் சொற்களைத் தேட அது பின்னால் திரும்பிப் பார்ப்பது 32 கேபி மட்டும்தான். தமிழில் அது பதினோராயிரம் குறிகள்கூட வராது, புத்தகத்தில் பத்துப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். நேற்றைய டம்பும் இன்றைய டம்பும் முக்கால்வாசிக்கு மேல் அச்சு அசலாக ஒன்றே என்றாலும், இன்றையதற்கு வரும்போது நேற்றையதன் சுவடே அதனிடம் இருக்காது.

இசட்ஸ்டாண்டர்டில் ‘லாங்’ என்று ஒரு ஆப்ஷன். எவ்வளவு தூரம் பின்னால் திரும்பிப் பார்க்கலாம் என்பதை அது சொல்லும். அதில் கொடுக்கும் எண் 2-இன் அடுக்கு. 27 என்றால் 128 எம்பி, 31 என்றால் 2 ஜிபி. என் டம்ப் ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை ஜிபி. ஒரு வாரத்து டம்புகளை டார் (tar) என்ற கருவியால் ஒரே கோப்பாகக் கட்டி, லாங் 31 போட்டு ஓடவிட்டேன். ஏழு நாளும் சேர்ந்து, ஒரு நாள் டம்ப் பிடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. நம்பாமல் பிரித்து, ஒவ்வொரு கோப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அன்றிலிருந்து வாராந்தர பேக்கப் எல்லாமே 31-தான்.

கோபத்துக்கு இப்போது வருகிறேன். எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி வேறு ஊரில் இருக்கிறார். அவருக்கு ஒரு பழைய வாரத்து டம்ப் அவசரமாகத் தேவைப்பட்டது. 1 ஜிபி நினைவகம் உள்ள சின்ன வாடகை சர்வரில் கோப்பை இறக்கி, எப்போதும் போல டார் கட்டளையில் பிரிக்கப் பார்த்திருக்கிறார். இரவு போன். “அண்ணா, ஃபைல் உடைஞ்சிருக்கு.” மறுபடி இறக்கினார், மணிக்கணக்கில் ஆனது. அதே பிழை. கடைசியில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். கோப்பு உடையவில்லை. பிரிக்க நினைவகம் அதிகம் தேவை, அனுமதித்த உச்சம் 134217728 பைட், இந்தக் கோப்பு கேட்பது 2147483648 பைட் என்று இருந்தது. அதற்குக் கீழே டார் தன் பங்குக்கு, இதிலிருந்து மீள முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது. அவர் கண்ணில் பட்டது அந்தக் கடைசி வரிதான். யாருக்கும் அதுதான் படும்.

பின்னால் பார்க்கும் அந்தத் தூரம் முழுவதையும் பிரிக்கும்போது நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். அதனால் லாங் 27-ஐத் தாண்டிச் சுருக்கிய கோப்பைப் பிரிக்கும்போதும் அதே எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும். கையேட்டில் இது இருக்கிறது. காரணமும் நியாயமானது. எங்கிருந்தோ வந்த ஒரு கோப்பு, எனக்கு 2 ஜிபி நினைவகம் கொடு என்று கேட்டு உங்கள் சர்வரை மூச்சுமுட்ட வைக்கக் கூடாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு தேவை என்பது கோப்பின் உள்ளே முதல் சில பைட்டுகளிலேயே எழுதியிருக்கிறது. கருவி அதைப் படித்துவிட்டது. லாங் 31 கொடு என்று பிழைச் செய்தியில் அதுவே சொல்லவும் சொல்கிறது. அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் மேலே எழுதட்டுமா என்று நின்று கேட்கத் தெரிந்த கருவிக்கு, 2 ஜிபி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கத் தெரியாதா? சரி, ஒரு தடவை அமைத்துவிட்டு மறந்துவிடலாம் என்றால் இந்தக் கருவியில் அதற்கும் வழி இல்லை. கருவிகள் தாமாகப் படித்துக்கொள்ளும் அமைப்புகளான சூழல் மாறிகளில், சுருக்கும் அளவையும் ஒரே நேரத்தில் ஓடும் திரெட்களின் எண்ணிக்கையையும் மட்டும்தான் வைக்கலாம், மற்றதெல்லாம் பாதுகாப்பு கருதி வேண்டுமென்றே மூடியிருக்கிறார்கள். கட்டளை அடிக்கும் ஷெல்லில் ஏலியஸ் (கட்டளைக்கு மாற்றுப் பெயர்) போட்டால் டார் அதைக் கண்டுகொள்ளாது. கோப்பின் பெயரைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, 27-ல் சுருக்கியதற்கும் 31-ல் சுருக்கியதற்கும் ஒரே பின்னொட்டு.

தம்பியின் சர்வரில் 31 கொடுத்திருந்தாலும் நடந்திருக்காது, அங்கே இருந்ததே 1 ஜிபி. 32 பிட் கணினி என்றால் உச்சவரம்பே 30, கதவு முழுக்க அடைப்பு. நான் இங்கே பிரித்து, தேவையான டம்பை மட்டும் ஜிஜிப்பில் போட்டு அனுப்பினேன். அவர் பழக்கத்தில் கட்டளையை அடித்தார், திறந்துகொண்டது. 1992-ல் ஜான்லூ கையியும் மார்க் ஆட்லரும் வெளியிட்ட கருவி அது. ஓடுவது எந்தக் கணினி, எவ்வளவு நினைவகம் என்று பார்க்காமல் வேலை செய்தது. 32 கேபி என்று மேலே குறை சொன்னேனே, அந்தச் சின்ன எல்லைதான் அந்த இரவில் உதவியது.

புள்ளி போட்டால் இசட்ஸ்டாண்டர்டுதான் ஜெயிக்கும். வேகம், சுருக்கம், மூலக் கோப்பைக் காப்பது, செயலியின் எல்லா கோர்களையும் வேலை வாங்குவது, எதிலும் ஜிஜிப் பக்கத்தில் வர முடியாது. ஐந்துக்கு நாலரை தர வேண்டிய கருவி. நான் மூன்றுதான் தருவேன். பேக்கப் என்பது நான் இல்லாத நாளில் இன்னொருவர் திறக்க வேண்டியது. அந்த இடத்தில் இது தடுக்கிவிட்டது.

நண்பருக்குக் கடைசியில் இப்படி எழுதினேன்: மாறுங்கள். உங்கள் சர்வரிலேயே இருக்கப்போகும் பேக்கப்புக்கு அளவு 19 போதும். லாங் வேண்டுமென்றால் 27-ஐத் தாண்டாதீர்கள், அதுவரை பிரிக்க எதுவும் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை. வெளியே யாருக்காவது போகும் கோப்பு என்றால் ஜிஜிப்.

என்னிடம் இருக்கும் பழைய 31 கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து 27-ல் மறுபடி சுருக்கிக்கொண்டிருக்கிறேன். 128 எம்பி எல்லையில் நேற்றைய டம்ப் எட்டாது, ஆகவே மிச்சம் பிடித்த இடமெல்லாம் மறுபடி நிறைகிறது. புது டிஸ்க்குக்கு விலை விசாரித்து வைத்திருக்கிறேன்.