ஃபெயில்லாக்கா, ஃபெயில்டுபேனா?

லினக்ஸ் சர்வரில் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்ப்பவர்களைத் தடுக்க வேண்டும் என்றால் இரண்டு பெயர்கள்தான் முதலில் அடிபடும். ஒன்று, லாகின் சரிபார்க்கும் பாம் (PAM) என்ற அடுக்குக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் ஃபெயில்லாக் மாட்யூல். மற்றது, வெளியே இருந்து, லாகின் முயற்சிகள் பதிவாகும் லாக் ஃபைலைப் படித்துக்கொண்டே இருக்கும் ஃபெயில்டுபேன் (Fail2ban). ஒரு துறையே பாஸ்வேர்டு போட்டு நுழையும் பொது சர்வர் ஒன்றுக்கு நான் ஃபெயில்லாக்கைத் தேர்ந்தெடுத்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் இலவசம், இரண்டும் எல்லா முக்கிய லினக்ஸ் வகைகளிலும் கிடைக்கும், இரண்டுமே சர்வரின் வேகத்தைக் குறைப்பதில்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியில் கீ என்ற சாவிக் கோப்பு மட்டும்தான், பாஸ்வேர்டுக்கு இடமே இல்லை என்றால் இந்த அலசல் உங்களுக்குப் பெரிதாகத் தேவைப்படாது.

அடிப்படை வித்தியாசம் இதுதான்: ஃபெயில்லாக் பூட்டுவது ஆளை, ஃபெயில்டுபேன் பூட்டுவது முகவரியை. ஃபெயில்லாக்கில் இயல்பான கணக்கு 15 நிமிடத்துக்குள் 3 தவறு. அப்புறம் 10 நிமிடம் அந்த யூசருக்குக் கதவு திறக்காது, சரியான பாஸ்வேர்டு போட்டாலும்கூட. ஃபெயில்டுபேனில் 10 நிமிடத்துக்குள் 5 தவறு. அந்த ஐபி முகவரியை ஃபயர்வாலில் 10 நிமிடம் தடுத்துவிடும். எண்களை நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதை மாற்ற முடியாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பாதுகாப்புக் கணக்கு இல்லை. பூட்டு விழுந்த பிறகு நமக்கு வந்து சேரும் வேலைதான்.

ஒரு அலுவலகமோ கல்லூரியோ, எல்லோரும் ஒரே பொது ஐபி வழியாக வெளியே போகிறார்கள் என்று வையுங்கள். சர்வர் கிளவுடில் இருக்கிறது. ஒருவர் விடுமுறை முடிந்து வந்து பழைய பாஸ்வேர்டையே ஐந்து முறை அடிக்கிறார். ஃபெயில்டுபேன் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது: அந்த ஐபியைத் தடுக்கிறது. விளைவு, மாடி முழுக்க யாரும் நுழைய முடியாது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களின் டெர்மினலும் அப்படியே உறைந்துவிடும், ஏனென்றால் வழக்கமான தடை விதி அந்த போர்ட்டுக்கு வரும் எல்லாப் பாக்கெட்டையும் மறிக்கிறது. தடையை எடுக்க வேண்டிய அட்மினும் அதே மாடியில்தான் இருப்பார். மொபைல் இணையத்தைப் பகிர்ந்து உள்ளே போய், எந்த முகவரி என்று தேடி எடுத்துவிட வேண்டும். "சார், சர்வர் டவுனா?" என்ற போன்கள் வேறு.

ஐபியை விதிவிலக்குப் பட்டியலில் போட்டுவிடலாமே என்பீர்கள். போடலாம், இக்னோர்ஐபி என்று அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அதற்கப்புறம் அந்த முகவரியிலிருந்து யார் எத்தனை முறை ஊகித்தாலும் எண்ணிக்கையில் வராது. பக்கத்து மேசைக்காரர் இன்னொருவர் பாஸ்வேர்டைச் சோதித்துப் பார்ப்பதுதான் உங்கள் கவலை என்றால், விதிவிலக்கு கொடுத்ததுமே ஃபெயில்டுபேன் அந்த இடத்தில் வெறும் அலங்காரம்.

ஃபெயில்லாக்கில் இதே ஆள் இதே தவறைச் செய்தால் அவர் மட்டும் பத்து நிமிடம் காத்திருப்பார். அவசரமென்றால் யூசர் பெயரைக் கொடுத்து ரீசெட் செய்ய ஒரே கட்டளை. அதைவிட எனக்குப் பிடித்தது, ரீசெட் சேர்க்காமல் அதே கட்டளையை ஓட்டினால் வரும் சின்னப் பட்டியல். ஒவ்வொரு தவறும் எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்று வரிசையாக இருக்கும்; எஸ்எஸ்எச் வழி வந்திருந்தால் அந்த முகவரி, நேரில் அமர்ந்து அடித்திருந்தால் அந்த டெர்மினலின் பெயர். "நான் எதுவுமே செய்யல, தானா பூட்டிக்கிச்சு" என்று வருபவர்களில் சிலர் சொல்வது உண்மைதான். பட்டியலில் ஒரே முகவரியிலிருந்து ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு தவறு என்று தெரிந்தால், எங்கோ ஒரு ஸ்கிரிப்ட் பழைய பாஸ்வேர்டோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேறு யூசரின் அதிகாரத்தில் வேலை செய்ய உதவும் சூடோ, சூ கட்டளைகள், நேரடி கன்சோல் லாகின் என்று பாம் வழி போகும் எல்லாமே இந்தக் கணக்கில் சேர்கின்றன. ஃபெயில்டுபேன் இயல்பாக இவற்றை எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோரும் போடுவதில்லை? நிறுவும்போது வரும் பயம்தான். ரெட் ஹாட் குடும்பத்தில் லாகின் அமைப்புகளை மாற்றும் ஆத்செலக்ட் கருவியில் வித்-ஃபெயில்லாக் அம்சத்தை இயக்கினால் வேலை முடிந்தது. டெபியன், உபுண்டுவில் பெரும்பாலும் பாமின் விதிகள் இருக்கும் காமன்-ஆத் கோப்பைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் பாம்-யூனிக்ஸ் வரியில் 'சக்சஸ்=1' என்று இருக்கும். பாஸ்வேர்டு சரியாக இருந்தால் அடுத்த ஒரு வரியைத் தாண்டிப் போ என்பது அதன் பொருள். தாண்டப்படும் அந்த வரி பாம்-டினை, அதாவது மறுத்துவிடு. இப்போது பாம்-யூனிக்ஸுக்குக் கீழே தவறைக் குறித்துவைக்கும் ஃபெயில்லாக்கின் ஆத்ஃபெயில் வரியை நுழைத்துவிட்டு எண்ணை 1 என்றே விட்டால், சரியான பாஸ்வேர்டு போட்டவர் புது வரியைத் தாண்டி நேராக மறுப்பில் போய் விழுவார். பாஸ்வேர்டு போடும் ஒருவராலும் நுழைய முடியாது. எண்ணை 2 ஆக்க வேண்டும். வேறு மாட்யூல்களும் அந்தக் கோப்பில் இருந்தால் எண்ணிப் பார்த்துப் போட வேண்டும். யூசர் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறாரா என்று பார்க்கும் ப்ரீஆத் வரி பாம்-யூனிக்ஸுக்கு மேலே வர வேண்டும். காமன்-அக்கவுண்ட்டிலும் ஒரு வரி வேண்டும், இல்லையென்றால் சரியாக நுழைந்த பிறகும் பழைய தவறுகள் அழியாமல் நிற்கும்.

பழைய குறிப்புகளைப் பார்த்து, இதே வேலையை முன்பு செய்த டாலி2 மாட்யூலின் பெயரை எழுதிவிடாதீர்கள். 2020-இல் வந்த லினக்ஸ்-பாம் 1.5.0-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். இல்லாத மாட்யூலைக் கட்டாயம் என்று போட்டால் அந்த வரி தோற்கும், லாகினும் சேர்ந்து தோற்கும். திருத்தும்போது ரூட் டெர்மினல் ஒன்றைத் திறந்தே வைத்திருந்து, இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்த பிறகே முதலாவதை மூடுங்கள்.

ஃபெயில்டுபேனில் இந்த ஆபத்து இல்லை. தப்பாக அமைத்தால் அது ஓடாது, அவ்வளவுதான். ஆனால் ஓடவில்லை என்பதும் சில சமயம் நமக்குத் தெரியாது. டெபியன் 12-இல் லாக் ஃபைல்களை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படாததால் ஆத்.லாக் என்ற கோப்பே இருக்காது. அதைத் தேடிப் போகும் ஃபெயில்டுபேன் தொடங்காமலே நின்றுவிடும். லாக் எங்கிருந்து படிப்பது என்று சொல்லும் பேக்கெண்டை சிஸ்டம்டி என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இணையத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் எஸ்எஸ்எச் என்றால் கதை வேறு, அங்கே ஃபெயில்டுபேன் பக்கம்தான் நான். பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள் நாள் முழுக்க அட்மின், டெஸ்ட் என்று பெயர்களை அடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் யூசர் பெயர் குமார், ராஜா என்று எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருந்தால், எவனோ ஒருவன் தப்பாக அடித்தே உங்கள் குமாரை நிரந்தரமாகப் பூட்டி வைத்திருக்க முடியும். ஃபெயில்லாக்கின் உண்மையான பலவீனம் இது. எஸ்எஸ்எச்சில் கீ வழி வருபவர் பாமின் பாஸ்வேர்டு கட்டத்துக்கே போவதில்லை என்பதால் பூட்டு அவரைத் தொடாது. அட்மின்களுக்காவது கீ கொடுத்து வைப்பது அதனால்தான். மறுபக்கம், நூறு முகவரிகளிலிருந்து முகவரிக்கு இரண்டு முறை மட்டும் ஊகித்தால் ஃபெயில்டுபேன் கண்ணில் அது படாது.

இரண்டையும் சேர்த்துப் போடலாம். அப்படிப் போட்டால் ஃபெயில்டுபேனின் எண்ணிக்கையை 3, ஃபெயில்லாக்கின் எண்ணிக்கையை 5 என்று வையுங்கள். ஒரே முகவரியிலிருந்து வருபவன் யூசரைப் பூட்டுவதற்கு முன்பே வாசலில் நின்றுவிடுவான். யூசர் கணக்குகளை மையமாக வைக்கும் எல்டாப்பில் (LDAP) ஆயிரக்கணக்கான யூசர்கள் இருக்கும் அமைப்பை நான் நடத்தியதில்லை. அங்கே மையத்திலேயே ஒரு பூட்டுக் கொள்கை இருக்கும், அதோடு இது மோதலாம் என்பது என் ஊகம் மட்டுமே. உள்ளூர் யூசர்களை மட்டும் எண்ணு என்று ஃபெயில்லாக்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது, அப்படிப்பட்ட இடத்தில் அதிலிருந்து தொடங்கலாம். அதே கோப்பில் ரூட்டையும் பூட்டு என்ற வரி இயல்பாக அணைந்திருக்கும், கன்சோல் பக்கத்தில் இல்லாத சர்வரில் அதை நான் தொடுவதில்லை.