அவுஸ்திரேலியா பி.ஆர். (நிரந்தர வதிவிடம்) எண்டு 4,85,000 ரூபா போச்சு: சட்டத்தரணிமார் கவனம்

கை இன்னும் நடுங்குது. இண்டைக்குப் பின்னேரந்தான் உறுதியாத் தெரிஞ்சது. நாலு லட்சத்து எண்பத்தையாயிரம் ரூபா. மட்டக்களப்புக் கோட்டுக்குப் போய்வாற ஆக்கள் இதை வாசிங்க. என்னென்ன பாக்கோணும் எண்டு கடைசியில விவரமாச் சொல்றன்.

நானும் சட்டத்தரணிதான், எனக்குக் கூடுதலா வியாபாரக் குறி வேலை. மருதமுனைக் கைத்தறிக்காரர், அரிசி ஆலைக்காரர் எண்டு வருவாங்க. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்துக்குக் கீழ குறி பதிஞ்சு குடுக்கிறது, ஆரும் கொப்பியடிச்சா கடிதம் அனுப்புறது. ரெண்டு லேபிளைப் பக்கத்தில வச்சா ஒரு சுழி வித்தியாசத்தையும் புடிச்சிருவன். அதை நினைக்கத்தான் வயிறு எரியுது.

டவுனில ஒரு மாடிக் கந்தோர், விசா ஆலோசனையாம். வழக்குப் போட இருக்கிறதால பேர் சொல்லல்ல. தை மாசம் போனன். அந்தாள் எழும்பி நிண்டு கும்பிட்டார், பிளேன்டீ வந்தது. "271214, புலமைச்சொத்துச் சட்டத்தரணி" எண்டு தொழில் குறியீட்டை மனப்பாடமாச் சொன்னார். அந்த நம்பர் சரிதான், அதாலதான் நம்பினன். "189 எண்ட பி.ஆர். விசா, மாநில அரசாங்கத்திட்டப் போகத் தேவையில்ல" எண்டார். கொஞ்சம் யோசிச்சன். சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி, நீங்க லோயர். உங்களை ஏமாத்த எனக்கு ஏலுமா?"

அந்தக் கதையிலதான் விழுந்தன். தகைமை மதிப்பீட்டுக்கு 1,85,000. மறுகா ஈ.ஓ.ஐ. (விசாவுக்கு விருப்பம் தெரிவிச்சுப் பதியிறது) போட 'அரசாங்கக் கட்டணம்' 3,00,000. அம்மாட காப்பும் அடகில.

மதிப்பீட்டு முடிவெண்டு ஒரு பி.டி.எஃப். வந்தது. அதுக்குப் பிறகு ஒண்டுமில்ல. போன் பண்ணினா "சேர் கொழும்புக்குப் போயிட்டார்". அடுத்த கிழமை "சிஸ்டம் டவுன்". வாட்ஸ்அப்பில ரெண்டு நீலக் கோடு மட்டும். நேர போனா முன்னுக்கு இருக்கிற பிள்ளை நிமிந்தும் பாக்கல்ல.

போன ஞாயிறு மெல்பேர்ன்ல இருக்கிற கூட்டாளி அந்த பி.டி.எஃப்.ஐப் பாத்துட்டு, "எடியே, 189க்குள்ள இந்த 271214 தொழிலே இல்லையே, 190 எண்டா மாநிலம் நியமிக்கோணும்" எண்டாள். பெரிசாக்கிப் பாத்தன். 189இல அந்த 8 மட்டும் மற்ற எழுத்தை விடக் கொஞ்சம் கீழ இறங்கி நிக்குது. ஒட்டு வேலை! தகைமை மதிப்பீடு செய்யிற அவுஸ்திரேலிய நிறுவனமான வெட்டசெஸுக்கு மெயில் போட்டன். இண்டைக்குப் பதில் வந்தது: என்ட பேரில விண்ணப்பமே இல்லையாம்.

உடனே திரும்பப் போனன். "வழக்குப் போடுங்களன் மிஸ், நீங்கதானே லோயர்" எண்டு சொல்றான். நாலு லட்சத்து எண்பத்தையாயிரம் விழுங்கிட்டு!

விவரமா எழுத மனசு இல்ல, இவ்வளவுதான். ஈ.ஓ.ஐ. போட ஒரு சதமும் இல்ல, நீங்களே போடலாம். மதிப்பீட்டுக் கட்டணத்தை உங்கட கார்டால நேர கட்டுங்க. ஏஜென்டிட்ட அவுஸ்திரேலியப் பதிவு நம்பர் கேளுங்க, அது ஏழு இலக்கம். எனக்குத் தந்தது ஆறு. எண்ணிக்கூடப் பாக்கல்ல நான்.

காலமை பொலிசுக்குப் போறன். ரசீதை இப்பதான் வடிவா வாசிச்சன். அடியில, எறும்பு மாதிரி எழுத்தில, 'சேவைக் கட்டணம், மீளளிக்கப்படமாட்டாது'. அதுக்குக் கீழ என்ட கையெழுத்து.