முத்துப்பேட்டை போட்டு, அதிராம்பட்டினம் வத்தை

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு போறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, நேரா போய் நின்னா படகு கிடைச்சிடாது, வனத்துறைல முன்கூட்டியே அனுமதி வாங்கிட்டு ஜாம்புவானோடை படகுத்துறைக்கு போகணும். எனக்கு ஒரு டிராவல்ஸ்காரர் "எல்லாம் நான் பாத்துக்குறேன் சார்"னு அட்வான்ஸ் வாங்கிட்டு அன்னைக்கு காலைல போனையே எடுக்கல. சித்தப்பா பையன்தான் அலைஞ்சு திரிஞ்சு வேலைய முடிச்சான்.

ஆனா படகு ஓட்டுன அண்ணன பத்தி குறையே சொல்ல முடியாது. கோரையாத்துல இறங்கி லகூன் (கடலை ஒட்டின ஆழமில்லாத காயல்) வரைக்கும் எங்க சேறு எங்க தண்ணினு கண்ணாலயே பாத்து ஓட்டுறாரு, வழி காட்ட மிதவை கிடையாது மேப் கிடையாது, தண்ணி நிறம் மாறுனதும் இன்ஜின தூக்கிட்டு கம்ப ஊன்றாரு. நான் இருக்கறது ஃபுளோரிடா, அங்க இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வேல சின்னதா ஒரு பாய்ப்படகு வச்சு ஓட்டுறேன், நார்ஃபோக்ல இருந்து மயாமி வரைக்கும் நடுக்கடலுக்கு போகாமலே ஆயிரம் மைலுக்கு மேல போற வழி அது. தெக்க போனா வழி காட்டுற சிவப்பு மார்க்கர் வலது கைப்பக்கம், தாழ்வான பாலம் வந்தா ரேடியோல சேனல் 9ல கூப்பிட்டா தூக்கி விடுவாங்க, தூக்க முடியாத பாலம்னா பெரும்பாலும் 65 அடி உயரம் இருக்கும், மயாமில ஒண்ணு மட்டும் 56தான், பாய்மரம் உசரமா இருக்கறவன் வெளிக்கடல சுத்தித்தான் போகணும். இவ்வளவும் எழுதி வச்சிருந்தும் அங்க தரை தட்டாத ஆள் கிடையாது. என் படகுக்கு நாலடி தண்ணி வேணும், லகூனுக்கு கொண்டு வந்தா இறங்குன இடத்துலயே உக்காந்துக்கும்.

காட்டுல கஜா புயல் அடிச்ச காயம் இன்னும் தெரியுது, 2018 நவம்பர்ல வந்துட்டு போனது, பட்டுப்போன மரம் அப்படியே நிக்குது. மீன்முள் வடிவத்துல வாய்க்கால் வெட்டி கடல்தண்ணி ஏறி இறங்குற மாதிரி பண்ணி கன்னு நடுறாங்க, அதுல அலையாத்திங்கற மர வகைதான் நல்லா பிடிச்சு வருது. தில்லை மரத்து பக்கம் கிளைய ஒடிக்காதீங்க, பால் கண்ணுல பட்டா அவ்வளவுதான்.

எனக்கு பாய் விரிச்சு போகணும்னு ஆசை, அது இந்த இன்ஜின் போட்டுல நடக்காது. மாமாவோட கூட்டாளி ஒருத்தர் அதிராம்பட்டினத்துல வத்தை வச்சிருக்காரு, இப்ப இன்ஜின்தான், ஆனா பழைய பாய வீட்டுல பத்திரமா வச்சிருந்தாரு. "வாங்க மாப்ள, வாடைக்காத்துதான், தெக்க போறதுக்கு சொகமா இருக்கும்"னு ஏத்திட்டாரு. அடி தட்டையா இருக்கற படகு அது, காத்து வர்ற பக்கம் ஒரு நீள பலகைய நீட்டி விட்டு அதுல ஒரு ஆள் போய் உக்காந்துக்குறான், காத்து ஏற ஏற அவன் வெளிய நகர்றான், படகு சாயவே மாட்டேங்குது! நம்ம ஊர்ல கீல் (படகு அடில தண்ணிக்குள்ள நீட்டிட்டு இருக்கற துடுப்பு மாதிரி பாகம்) ஏன் வைக்கலன்னு அப்பதான் புரிஞ்சுது, முழங்கால் தண்ணில கீல வச்சுக்கிட்டு என்ன பண்றது. திரும்பறதுக்குத்தான் பாடு, காத்து எதிர்ல, அடி தட்டைங்கறதால பக்கவாட்டுல இழுத்துட்டு போகுது, அதத் தடுக்க தண்ணிக்குள்ள இறக்குற இன்னொரு பலகைக்கும் ஆழம் வேணும், கடைசில பாய சுருட்டிட்டு இன்ஜின போட்டாரு. டீசலுக்கு காசு நீட்டுனேன், திட்டிட்டாரு, மாமா கிட்ட குடுத்து அனுப்புனேன்.

1860கள்ல உப்பு ஏத்தறதுக்காக நாகப்பட்டினத்துல இருந்து வேதாரண்யம் வரைக்கும் கால்வாய் வெட்டுனாங்க, கிட்டத்தட்ட ஃபுளோரிடா வழி மாதிரியேதான் கரைய ஒட்டி போகுது. இப்ப அது மழைத்தண்ணி வடியறதுக்குத்தான். கொஞ்சம் தூர் வாரி ரெண்டு படகுத்துறை போட்டா நானே முதல் டிக்கெட் எடுப்பேன், யாராவது கேக்குறாங்களா!

ஜனவரி பிப்ரவரில போங்க, பறவை இருக்கும். விடியக்காலைல ஏறிடுங்க, வெயில் ஏறுனா தாங்காது, தொப்பி, தண்ணி, சாப்பாடு எல்லாம் கைல இருக்கட்டும், உள்ள கடை எதுவும் இல்ல. டிராவல்ஸ்காரர் அட்வான்ஸ் இன்னும் வரல.