வாசல் மேட்டில் ரப்பர் ரேம்ப்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வாசலும் ரோடும் சேருகிற இடத்தில் 11 செ.மீ. உயரத்துக்கு ஒரு கல்விளிம்பு. ஒவ்வொரு தடவை கார் ஏறும்போதும் "டக்" என்று ஒரு அடி, பம்பரும் உரசும். அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று) பார்க்கப் போனால் மெக்கானிக் கேட்கிற முதல் கேள்வியே "வீட்டு வாசல்ல மேடு இருக்கா?" என்பதுதான்.

முதலில் சிமென்ட் கலவையைச் சாய்வாகப் பூசினேன். சாய்வு ரோட்டைத் தொடுகிற முனை தோசை ஓரம் மாதிரி மெல்லிசாகத்தான் வரும். அந்த முனை இரண்டே மாதத்தில் பெயர்ந்தது; அப்புறம் மீதியும் துண்டு துண்டாகப் போனது. அடுத்து மரப்பலகை. அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இரும்புத் தகடு பற்றியும் யோசித்தேன், ஆனால் ஈரத்தில் பைக் வழுக்கும், ராத்திரி சத்தம் வேறு. கடைசியில் ரப்பர் ரேம்புக்கு வந்தேன், அதாவது துண்டு துண்டாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்க்கிற சாய்வான ரப்பர் கட்டை.

அடி விழுவது முதல் நாளே நின்றுவிட்டது. ஆனால் பம்பர் உரசுவது நிற்கவில்லை! ரேம்ப் போட்டும் உரசினால் எரிச்சல் வராதா? மகனைக் கீழே குனிந்து பார்க்கச் சொல்லி, காரை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். உரசியது ரேம்பிலேயேதான். தண்ணீர் வடிவதற்காக ரோடு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரியும். அந்தச் சரிவு முடிகிற இடத்தில் நம் ஏற்றம் தொடங்குவதால் நடுவில் ஒரு பள்ளம் உண்டாகிறது. முன்சக்கரம் பள்ளத்தில் இருக்கும்போதே அதற்கு முன்னால் நீண்டிருக்கும் பம்பர் ஏற்றத்தில் இடிக்கிறது. நான் வாங்கியது 33 செ.மீ. நீளம், அதாவது 18 டிகிரிக்கு மேல் சாய்வு. தாழ்வான காருக்கு இது அதிகம். ஆகவே உயரத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள், சாய்வின் நீளத்தையும் பாருங்கள். நீளமான ரேம்பில் சக்கரம் முன்கூட்டியே ஏறிவிடும், பம்பரும் கூடவே தூக்கிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து 50 செ.மீ. நீளத்துக்கு மாற்றினேன். அதற்குப் பிறகு உரசல் இல்லை, ஐந்து பேரும் லக்கேஜும் ஏறிய நாட்களைத் தவிர. அன்றைக்குக் கொஞ்சம் கோணலாக ஏற்றிவிடுவேன், ஒரு சக்கரம் முன்னும் ஒன்று பின்னுமாக.

அகலத்திலும் கோட்டை விட்டேன். கார் அகலத்துக்குச் சரியாக வாங்கியிருந்தேன். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அது ரேம்பின் ஓரத்திலிருந்து நழுவி "தொப்" என்று விழும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு துண்டு கூடுதலாகச் சேர்த்த பிறகு சரியானது.

தண்ணீர் விஷயத்தைத்தான் நான் கவனிக்கவே இல்லை. ரேம்புக்கு அடியில் தண்ணீர் போக ஒரு குடைவு இருக்கிறது, உண்மைதான். முதல் பெருமழையில் இலையும் மண்ணும் அதை அடைத்து, பக்கத்து வீட்டு வாசலில் குளம் கட்டிவிட்டது. அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கியது. இப்போது மாதம் ஒரு தடவை துண்டுகளைத் தூக்கிப் பெருக்குகிறேன். ஒரு துண்டைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அடியில் மரவட்டை, சில நாள் தேள்கூட. கை வைப்பதற்கு முன் காலால் தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

ரோட்டில் துளை போட்டு இறுக்குகிற ஆங்கர் போல்ட் அடித்தால் நகராது என்றார்கள். ரோடு நம் சொத்தில்லையே, அனுமதி இல்லாமல் துளை போடக் கூடாது. அதனால் துண்டுகளை ஒன்றோடொன்று மட்டும் போல்ட் போட்டு இணைத்திருக்கிறேன். கார் நிற்கும்போதே ஸ்டியரிங்கை ஒடித்தால் மொத்தமும் ஒரு விரல் நகரும். அந்தப் பழக்கத்தை விட்டேன், நகர்வதும் நின்றது.

புது ரப்பர் நாற்றம் மூன்று வாரம் இருந்தது. மஞ்சள் பட்டை இரண்டாம் வருடமே உரிந்துவிட்டது, இருட்டில் நடப்பவர்கள் தடுக்கிக்கொள்கிறார்கள் என்று நானே பெயின்ட் அடித்தேன். பாசி பிடித்தால் பைக் வழுக்கத்தான் செய்கிறது, தேய்த்துவிட வேண்டும். ஒன்று, இதைச் சக்கர நாற்காலிக்கான சாய்தளமாக நினைத்துவிடாதீர்கள். அதற்கு 1:12 சரிவு வேண்டும், அதாவது உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம்; எங்கள் மேட்டுக்கு 132 செ.மீ. வரும். மாமனார் வரும்போது நாற்காலியை நாங்கள் பின்பக்கமாகத் திருப்பித்தான் ஏற்றுகிறோம்.

வெயில் படுகிற இடது ஓரத் துண்டில் இப்போது நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அடுத்த மழைக்கு முன் அதை மட்டும் மாற்றப்போகிறேன்.